காலால் பார்த்த தரை

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஊர் வைத்த பெயர் புகார் அக்கா. குழாயில் காற்றுதான் வருகிறது, சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருகிறது, பக்கத்து வீட்டுக்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறான் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் எடுப்பது அவள்தான். எதிர்முனையில் எவ்வளவு கத்தினாலும் இந்த முனையில் குரல் ஏறாது. "சரிங்க, நீங்க இப்ப எங்க நிக்கறீங்க? மீட்டருக்கு இடது பக்கமா வலது பக்கமா?" என்று ஆரம்பித்தால் கத்தினவர் தானாகத் தணிந்துவிடுவார். எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை சுற்றில் மூடும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அவள் ஒரு வால்வையும் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது.

அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், தன் காலடியில் ஒரு பிரேக் என்று முப்பது வருஷம் ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. தங்கைக்கு நாற்பத்தொன்று ஆகியும் அவருக்கு அவள் பாப்பாதான். தெரு முனையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அவள் தனியாகத்தான் போனாள். அதுவும் ஆறு மாதம் அவர் பின்னாலேயே ஒளிந்து நடந்து பார்த்துவிட்டுக் கொடுத்த அனுமதி. பின்னால் வருவது அண்ணன் என்று அவளுக்கு முதல் நாளே செருப்புச் சத்தத்தில் தெரியும். சொல்லவில்லை. பாவம், நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வழவழவென்ற பழைய டைல்ஸ், மேலே ஷாம்பு நுரை. இடது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் அண்ணன் கதவை உடைத்துத்தான் அவளைத் தூக்க வேண்டியிருந்தது. மாவுக்கட்டு ஆறு வாரத்தில் பிரிந்தது. ஆனால் அன்றைக்கு அண்ணன் போட்ட சட்டம் பிரியவில்லை. கதவில் தாழ்ப்பாளே கிடையாது. அவள் குளிக்கும்போது அண்ணி உள்ளே நிற்க வேண்டும்.

அண்ணி நின்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, அவளுக்குக் கூச்சம் தெரியக் கூடாதே என்று மாடி வீட்டுக்காரர்களின் கதையெல்லாம் சொல்வாள். இவள் நான்கு நிமிஷத்தில் குளித்து முடிக்கப் பழகிக்கொண்டாள். சோப்பு போட்டோமா இல்லையா என்பதே சில நாள் மறந்துபோகும். உடம்பில் தண்ணீர் விழும் நேரம்தான் ஒரு நாளில் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரமாக இருந்தது. அது போய் எட்டு மாதமாயிற்று. அதை யாரிடம் புகாராகச் சொல்வது என்று ஊரார் புகாரையெல்லாம் வாங்கியவளுக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கையில்தான் குளியலறைச் சுவரின் மறுபக்கம், அண்ணன் படுக்கும் அறையில், சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உதிர ஆரம்பித்தது. வந்து பார்த்த டைல்ஸ் மேஸ்திரி சுவரை விரலால் தட்டிவிட்டு, "உள்ள பைப்பு கசியுதுங்க. தளம், சுவர் எல்லாத்தையும் உடைச்சுட்டுப் புதுசா போட்டாத்தான் ஆச்சு" என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணன் போனில் டைல்ஸ் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

"இதப் பாரு," என்று அண்ணியிடம் காட்டினார். "தரைக்கு இது. முகம் தெரியும் போல, என்ன பளபளப்பு."

"குழாயெல்லாம் கறுப்பா போட்டுடலாம்ங்க. எங்க அக்கா வீட்டுல போட்டிருக்காங்க, பாக்க ராஜா வீட்டு மாதிரி இருக்கு."

புகார் அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "அண்ணா, ஞாயித்துக்கிழமை கடைக்கு நானும் வரேன்."

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீ வந்து என்னத்த பாப்பா பாக்கப் போற?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"பாக்க வரல," என்றாள் அவள். "விழுந்தவ நான். எதுல விழ மாட்டேன்னு நான்தானே சொல்லணும்."

அண்ணி குறுக்கே புகுந்தாள். "அவ வரட்டும்ங்க. எட்டு மாசமா ஈரச் சுவரப் பாத்து நிக்கறவ நான். எனக்கும் இதுல ஒரு ஓட்டு இருக்கு. அதையும் அவளுக்கே போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை லேசான தூறல். டைல்ஸ் கடை இரண்டு மாடி. உள்ளே நுழைந்ததும் எதிரொலியிலேயே அவளுக்குத் தெரிந்தது, சுற்றிலும் கண்ணாடி மாதிரி சாமான்கள், நடுவில் பெரிய வெட்டவெளி. சேல்ஸ்மேன் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினான். "சார், இது இப்ப ரொம்ப ஓடுது. ஹை கிளாஸ். ஒரு தடவ துடைச்சா போதும்."

அவள் விரல் நுனியால் அதைத் தடவினாள். "இது சுவருக்குங்க. தரைக்குக் காட்டுங்க."

"மேடம், இதத்தான் எல்லாரும் தரைக்கே..."

"எல்லாரும் போட்டுட்டு எங்களுக்குத்தான் போன் பண்ணறாங்க. குழாய் ஒழுகுது, தண்ணி தேங்கி வழுக்குதுன்னு. குழாய் ஒழுகியிருக்காது. டைல்ஸ் அப்படி. சொரசொரப்பா நாலு வகை எடுத்துத் தரையில வரிசையா போடுங்க. கூடவே அண்ணன் சொன்னதையும் ஒண்ணு போடுங்க. அப்புறம் கொஞ்சம் சோப்புத் தண்ணி வேணும்."

"சோப்புத் தண்ணியா?"

"ஊத்திப் பாக்கணும்ல. நான் காய்ஞ்ச தரையில குளிக்கப் போறதில்லையே."

கடைக்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றான் சேல்ஸ்மேன். அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டு, "பாப்பா, போதும் வா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். அவள் அசையவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "பரவாயில்லைங்க. உங்க முதலாளி இருந்தா கூப்பிடுங்க, நான் பேசறேன்" என்றாள்.

முதலாளி கூப்பிடாமலே வந்தார். கல்லாவிலிருந்து எழுந்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, இரண்டு அடி தள்ளி நின்றார். "மன்னிக்கணும், இன்னொரு தடவ பேசுங்க."

"என்ன பேசணும்?"

"அதேதான். அதே குரல்தான். ஏம்மா, நீங்க தண்ணி ஆபீஸ் புகார் அக்காதானே?"

அவள் சிரித்தாள். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய குடோன் வாசலில் பெரிய குழாய் வெடித்துத் தண்ணீர் உள்ளே பாய்ந்ததையும், ஆள் வந்து சேரும்வரை நாற்பது நிமிஷம் இந்த அம்மா போனை வைக்காமல், எந்த மூடியைத் தூக்கி எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்ததையும் அவர் கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அன்னிக்கு இவங்க குரல் மட்டும் இல்லேன்னா பாதி சரக்கு நாசம். நேர்ல பாத்தா கையெடுத்துக் கும்பிடணும்னு இருந்தேன்" என்றவர், சேல்ஸ்மேன் பக்கம் திரும்பி, "வாளி எங்கடா? நீ விடு, நானே எடுத்துட்டு வரேன்" என்றார்.

ஐந்து டைல்ஸ். ஐந்தின் மேலும் சோப்புத் தண்ணீர். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஏறி நின்றாள். முதலில் குதிகால். பிறகு முன்பாதம். பிறகு ஒற்றைக் காலில் நின்று உடம்பைத் திருப்பினாள், முதுகுக்குச் சோப்பு போடும்போது திரும்புவது போல.

"இது ரொம்பச் சொரசொரப்பு. அழுக்கு புடிச்சுக்கும், தேய்ச்சே அண்ணிக்குக் கை போயிடும். இது பரவாயில்ல. இது..." நான்காவதில் கொஞ்ச நேரம் நின்றாள். மணல் ஈரமாக இருக்கும்போது காலைப் பிடிக்குமே, அந்தப் பிடி இருந்தது. ஆனால் குத்தவில்லை. "இது."

அண்ணியும் செருப்பைக் கழற்றினாள். நான்காவதில் ஏறி நின்று, "நல்லாத்தான் இருக்கு. காலுக்கு யாரோ கை கொடுத்த மாதிரி" என்றாள். பிறகு ஐந்தாவதில், கணவர் ஆசைப்பட்ட பளபளப்பில், ஒரு காலை வைத்தாள். வைத்த காலை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "என்னங்க, நீங்க வந்து இதுல ஒரு நிமிஷம் நில்லுங்களேன்."

அண்ணன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். வரவில்லை.

அதற்குப் பிறகு கடை அவள் வசமானது. தரைக்கு ஓரடிச் சதுரம் போதும், டைல்ஸ் சின்னதானால் இணைப்புகள் அதிகம், கால் பிடிக்க வசதி என்றாள். சுவருக்கு அண்ணன் சொன்ன பளபளப்பே இருக்கட்டும், ஆனால் இடுப்பு உயரத்தில் வரி வரியாய் மேடு வைத்த டைல்ஸ் ஒரு வரிசை வேண்டும் என்றாள். கதவிலிருந்து அதைத் தடவிக்கொண்டே போனால் குழாய், சோப்பு மாடம், துண்டு எல்லாம் தானாக வந்துவிடும். டைல்ஸின் நிறத்தை அண்ணியிடம் விட்டாள். கறுப்புக் குழாயை அண்ணி ஆசையாய்த் தடவியபோது மட்டும், "அண்ணி, நம்ம தண்ணி உப்பு. கறுப்புல வெள்ளை வெள்ளையா பூக்கும். மாசம் பத்துப் பேர் என்கிட்ட இதுக்கு அழறாங்க" என்றாள். அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். "அப்ப வெள்ளியே இருக்கட்டும். எங்க அக்கா வீட்டுலயும் பூத்திருக்கும், சொல்லியிருக்க மாட்டா."

ஒற்றைக் கைப்பிடி ஷவரைக் காட்டினான் சேல்ஸ்மேன். அவள் வேண்டாமென்று, சுடுதண்ணீருக்குப் பூ மாதிரி நாலு இதழ் வைத்த திருகும், பச்சைத் தண்ணீருக்கு உருண்டைத் திருகும் கேட்டு வாங்கினாள். பிடித்துக்கொள்ளும் கம்பியைத் தேர்ந்தெடுக்க, மாதிரிக்கு மாட்டியிருந்த ஒன்றைப் பிடித்துத் தன் எடை முழுதும் தொங்கினாள். பலகை கிறீச்சிட்டது. "இது துண்டு தாங்கும்ங்க, ஆள் தாங்காது. ஆள் தாங்கறதக் குடுங்க."

"குடுறா, குடுறா," என்றார் முதலாளி சந்தோஷமாக.

திங்கட்கிழமை உடைக்க ஆரம்பித்தார்கள். வீடெங்கும் சிமெண்டுத் தூசி, பல்லில் நறநறத்தது. குளிப்பதற்கு மாடி வீட்டுக்காரர்களிடம் கேட்டு வைத்திருந்தார்கள். காலையில் ரொட்டியை டீயில் தோய்த்து விழுங்கிவிட்டு எல்லாரும் வரிசையாக மாடிப்படி ஏறினார்கள். மேஸ்திரி வேலையில் சுத்தமானவர், வாய்தான் கொஞ்சம் கர்வம். பெண்பிள்ளை ஒருத்தி, அதுவும் பார்வையில்லாதவள், கடையில் தண்ணீர் ஊற்றி டைல்ஸ் எடுத்தாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். "நான் இருபத்தஞ்சு வருஷமா டைல்ஸ் ஒட்டறேன். எங்க அப்பன் கூட காலால பாத்து எடுத்ததில்ல" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தது வராந்தா வரை கேட்டது.

ஆறாம் நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, தரைக்கு டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்திருந்தார்கள். மூலையிலிருந்து பதினேழு ஒட்டியாகிவிட்டது. ரப்பர் சுத்தியல் தொப் தொப்பென்று தட்டும் சத்தம். அவள் வாசலில் உட்கார்ந்து, இன்னும் ஒட்டாமல் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துக் கீழே வைத்து, மேஸ்திரியின் வாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஏறி நின்றாள்.

இறங்கினாள். மறுபடி ஏறினாள்.

"மேஸ்திரி, நிறுத்துங்க. இது அது இல்ல."

சுத்தியல் நின்றது. "எது எது இல்ல?"

"நான் எடுத்த டைல்ஸ் இல்ல இது."

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "அம்மா, அதே கலர், அதே டிசைன், அதே அளவு. உங்க அண்ணன் பாத்து இறக்கினதுதான். கேளுங்க."

அண்ணன் வந்தார். அண்ணி வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் இருவரும் டைல்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சாம்பல் நிறம், அதில் மெல்லிய வெள்ளைப் புள்ளிகள். கடையில் பார்த்ததேதான் என்றாள் அண்ணியும், தயங்கித் தயங்கி.

"பாப்பா, லாட்டு மாறினா லேசா அப்படி இப்படி இருக்கும்," என்றார் அண்ணன்.

"கலர் எப்படி இருந்தா எனக்கென்னண்ணா. இது தண்ணி பட்டா விடுது. அது புடிச்சுது."

"பதினேழு ஒட்டியாச்சும்மா," என்றார் மேஸ்திரி. "இப்ப எடுத்தா கலவை வீண், என் பாதி நாள் வீண். விட்டா இன்னும் ஒரு மணி நேரத்துல இறுகிடும், அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும். சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒட்டவா, வேண்டாமா?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள் என்பது அந்த அமைதியில் அவளுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாகக் கத்துகிறவர்களிடமெல்லாம் பேசித் தணித்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டால் இனி வாழ்நாள் முழுக்க அண்ணி சுவரைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

ஷூவின் வெல்க்ரோப் பட்டை பிரியும் சத்தம் கேட்டது. அண்ணன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு சாக்ஸ்.

"மாதிரிக்குன்னு கடையில குடுத்த டைல்ஸ் ஒண்ணு வச்சிருந்தியே, அது எங்க?" என்று அண்ணியைக் கேட்டார்.

முதலாளி அன்றே கையோடு கொடுத்தனுப்பிய அந்த ஒற்றை டைல்ஸை அண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அண்ணன் இரண்டின் மேலும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, சோப்பையும் தேய்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு முதலில் அதில் நின்றார், பிறகு இதில். மறுபடி அதில். ஒன்றும் பிடிபடவில்லை போலிருந்தது. அடுத்து நடந்தது அண்ணி பிற்பாடு சொல்லித்தான் இவளுக்குத் தெரியும், மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம். மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாராம். இந்தப் புது டைல்ஸில் அவர் கால் இரண்டு விரற்கடை நழுவியது. சுவரை அறைந்து பிடித்துக்கொண்டார்.

அறைந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அண்ணன் குரல், முன்னெப்போதும் கேட்காத ஒரு குரல்.

"வேறதான், மேஸ்திரி. எடுத்துடுங்க."

மேஸ்திரி நம்பாமல் அட்டைப்பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் கடை கொடுத்த டைல்ஸின் பின்னாலும் ஒரே எண்தான். கடைசி எழுத்து மட்டும் வேறு. அதே டிசைனில் அறைகளுக்குப் போடும் வழவழப்பு வகை. குளியலறைக்கானது இல்லை. மேஸ்திரி சீட்டைப் படித்தார், பெட்டியை வைத்தார், கரண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பதினேழையும் ஒன்றொன்றாக நெம்பி எடுத்தார்.

அண்ணன் கடைக்குப் போன் போட்டார். பேசப் போனவர், என்ன நினைத்தாரோ, போனைத் தங்கையிடம் நீட்டினார். "நீயே சொல்லு. உனக்குத்தான் புகார் பத்தித் தெரியும்."

அவள் சொன்னாள். நிதானமாக, எண்ணையும் கடைசி எழுத்தையும் சொன்னாள். வாழ்க்கையில் அவள் கொடுத்த முதல் புகார் அது. ஒரு மணி நேரத்தில் சின்ன லாரியில் சரியான பெட்டிகளோடு முதலாளியே வந்து இறங்கினார், மழையில் நனைந்துகொண்டு.

இரண்டு நாள் கழித்துத் தரை முழுதும் ஒட்டி இறுகியதும், இணைப்புகளுக்குச் சாந்து பூசுவதற்கு முன்னால், மேஸ்திரி சரிவு பார்க்கும் ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார். புகார் அக்கா ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். தண்ணி ஓடற வாட்டம் சரியா இருக்கான்னு வந்து பாருங்க."

"ரசமட்டம் வச்சுப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நீங்களும் பாத்தா எனக்குத் திருப்தி."

ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் சலசலவென்று ஓடி வடிகால் ஜாலிக்குள் விழுந்தது. அவள் வெறுங்காலோடு மூலை மூலையாக நடந்தாள். எங்கேயும் தேங்கவில்லை. "அருமைங்க," என்றாள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அடுத்த மாசம் என் வீட்டுல பாத்ரூம் புதுசா போடறேன். டைல்ஸ் வாங்கறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை வருவீங்களா? என் அம்மாவுக்கு முட்டி வலி."

வருவதாகச் சொன்னாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்தவர் என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றாள்.

கதவுதான் பாக்கி. அண்ணன் ஒரு பூட்டு வாங்கிவந்தார். உள்ளே திருகினால் பூட்டிக்கொள்ளும். அவசரமென்றால் வெளியிலிருந்து ஒரு சில்லறைக் காசை வைத்துத் திருப்பித் திறக்கலாம் என்று விளக்கினார். அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்:

"அண்ணி குளிக்கும்போதும் காசும் கையுமா நிப்பீங்களா?"

"அவளுக்கு எதுக்கு?"

"எனக்கு மட்டும் எதுக்கு?"

அண்ணன் பூட்டை வாங்கிக் கையில் உருட்டினார். "இல்ல பாப்பா, அன்னிக்குக் கதவ உடைச்சு உள்ள வந்தேனே, நீ கீழ கிடந்த. அதுலேருந்து நான் தினமும்..." என்று ஆரம்பித்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அவள் கை நீட்டி அவர் கையைத் தேடிப் பிடித்தாள்.

"தெரியும்ணா. அதுக்காகத்தான் இவ்வளவும் பாத்துப் பாத்துப் போட்டோம். விழுந்தா கூப்பிடறேன். கூப்பிட்டா கதவ உடைங்க, நான் வேண்டாங்கல. கூப்பிடற வரைக்கும் இது என் கதவு."

அண்ணன் பூட்டைப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரை மணி கழித்து, இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரணத் தாழ்ப்பாள் ஒன்றோடு வந்தார். ஸ்க்ரூவையும் அவரே முடுக்கினார்.

சாந்து காய்வதற்காக மேஸ்திரி சொன்ன கெடு அடுத்த திங்கட்கிழமை முடிந்தது. அன்று காலை முதலில் அவள்தான் போகவேண்டும் என்றாள் அண்ணி. துண்டையும் மாற்றுத்துணியையும் எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள், தாழ்ப்பாள் விழுந்தது. விரல் வரிமேட்டைத் தொட்டுக்கொண்டே போய் நான்கு இதழ் திருகைப் பிடித்தது. கொஞ்சம் திறந்தாள். உருண்டைத் திருகைக் கொஞ்சம் திறந்தாள். பதமான சூட்டில் தண்ணீர் தலையில் விழுந்தது.

சோப்பைத் தேய்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினாள். தரை பிடித்தது. இன்னொரு சுற்றும் சுற்றினாள், தேவையில்லாமல். எட்டு மாதமாக அவசர அவசரமாக அலசிய தலைமுடியை இழை இழையாகப் பிரித்து, நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். என்ன பாட்டென்று அவளுக்கே தெரியாத ஏதோ ஒன்றைப் பாடினாள். சுவரெல்லாம் அதைத் திருப்பிப் பாடிற்று.

வெளியே அண்ணன் தோளில் துண்டோடு நின்றார். எட்டு மணி வகுப்புக்கு ஆள் வந்து காத்திருக்கும். மணி ஏழே முக்கால். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கதவத் தட்டுங்களேன்" என்று சைகை காட்டினாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். செல்போனை எடுத்து, வகுப்பை ஒன்பது மணிக்கு மாற்றும்படி மெல்லிய குரலில் சொன்னார்.

அந்தக் குரல் உள்ளே கேட்டுவிட்டது. பாட்டு நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா," என்றாள் உள்ளேயிருந்து. "நிக்கறீங்களா?"

"இல்ல, சும்மா. நீ குளி."

"ஒன்பது மணிக்கும் ஆகாதுண்ணா. மேல போய்க் குளிச்சுட்டுக் கிளம்புங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். பின்னால் பாட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.